தங்கப் பல்லுக்குச் சந்தனம்

காலைக் கொஞ்சம் அக்கட்டால ஒதுக்கி வெச்சுக்குங்க. உங்க முட்டியில பெட்டி இடிச்சிருமேன்னு சொல்றேன். இடிச்சா முட்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பெட்டிக்குத்தான் ஆகும்.

மேல வைங்கன்னாரு கண்டக்டரு. மாட்டேன்னேன். அப்ப லக்கேஜ் போடோணும்னாரு. மடியில வெச்சிருக்கிற குழந்தைக்கு லக்கேஜ் போடுவீங்களான்னு கேட்டேன். போர்வையை விலக்கிப் பார்த்துட்டு, "குழந்தை நல்லா சதுரமா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. லொள்ளு புடிச்ச ஆளு.

கம்ப்யூட்டருங்க. டிவி மாதிரி இருக்கறது ஊட்டுலயே இருக்குது, இது பெட்டி மட்டும். வேலை எல்லாம் இதுக்குள்ளதான் நடக்குது, டிவி சும்மா காட்டறதோட சரி. நானே மாட்டுனதுங்க இது. கடையில முழுசா வாங்குனதுன்னு நெனச்சிறாதீங்க. சாமான் சாமானா வாங்கி, என்ற கையால மாட்டுனது.

நீங்க கம்ப்யூட்டர் வேலையிலயா இருக்கறீங்க? கோழித் தீவனமுங்களா. நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர் ஆளுககிட்ட இதைச் சொல்ல ஆரம்பிச்சா நடுநடுவுல கேள்வி கேக்கறாங்க.

தாராபுரம் வரைக்கும் போறீங்களா? நான் காங்கயத்துல இறங்கிருவேன். மச்சினன் ஊரு. ஈஸ்வரமூர்த்தின்னு பேரு, ஸ்டுடியோ வெச்சிருக்கான். அவனைப் பத்தி இப்ப எதுக்கு, வரும்போது வருவான்.

நான் அந்தியூருங்க. மோட்டார் சென்னியப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. காயில் கட்டற பட்டறை. போர் மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னா நேரா என்கிட்டத்தான் வரும். பூமிக்கடியில தண்ணிக்குள்ள நின்னு ஓடற மோட்டாருங்க, கண்ணுக்கே தெரியாது. மேல நின்னு ரெண்டு ஒயரைத் தொட்டுப் பார்த்துட்டு இன்ன கோளாறுன்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து என்ற மச்சினன் சொல்றான், "மாமா, கம்ப்யூட்டர் மாட்டறது உங்க கைக்கு ஆகாதுங்க, கடையிலயே மாட்டிக் குடுத்துருவாங்க"ன்னு. மேசை மேல உக்கார்ற பெட்டிங்க இது. கெணத்துக்குள்ள இறங்கறதில்லை, சேத்துல நிக்கறதில்லை. இதை மாட்ட என்ற கைக்கு ஆகாதாம். அவன் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நானே கடையில குடுத்திருப்பேன். சொன்ன பொறகு எப்படிங்க குடுக்கறது?

கம்ப்யூட்டரு எனக்கில்லீங்க, என்ற ஊட்டுக்காரிக்கு. கோகிலவாணி. பொண்ணைக் கட்டிக் குடுத்தப்ப கல்யாண ஆல்பம் வந்துச்சு. அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு ஒரு வாரம் முணுமுணுத்துட்டே இருந்தா. "மாப்பிள்ளைக்குப் பின்னால எதுக்குங்க பனிமலை? மொடக்குறிச்சி மாப்பிள்ளைக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம்? பொண்ணு காதுல பாதியை வெட்டிப்போட்டிருக்கான் பாருங்க"ன்னு. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கோணுமில்ல, "இத்தனை தெரிஞ்சவ நீயே செய்ய வேண்டியதுதானே"ன்னுட்டேன். நான் விளையாட்டுக்குச் சொன்னேன், அவ விளையாட்டா எடுத்துக்கலை. பஸ்ஸேறிப் பவானிக்குப் போயி, காலேஜ் புள்ளைகளோட பெஞ்சுல உக்காந்து ஆல்பம் டிசைன் படிச்சுட்டு வந்துட்டா. பரிட்சை கூட வெச்சாங்களாம்.

எங்கூர்ல மயூரி ஸ்டுடியோன்னு, சம்பத்துன்னு ஒருத்தன் நடத்தறான். அவன் இவ செஞ்சதைப் பார்த்துட்டு, "அக்கா, தை பொறந்தா முகூர்த்தம் வரிசை கட்டி நிக்கும், ஆல்பம் பூராவும் உங்களுக்கே தர்றேன், ஊட்டுல ஒரு கம்ப்யூட்டர் போட்டுருங்க"ன்னான். அன்னிக்கு அவ மூஞ்சியைப் பார்க்கோணுமே நீங்க. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அத்தனை சந்தோசம் நான் பார்க்கலீங்க. போட்டோ இருக்குது, வேணும்னா பார்த்துக்கலாம்.

என்னென்ன சாமான் வாங்கோணும்னு அவளே சொன்னா. அதுல எனக்குப் பங்கில்லை. வாங்கறது யாரு வேணாலும் வாங்கலாமுங்க, மாட்டறதுலதான் இருக்குது சூட்சுமம்.

சாமான் வந்து சேர்ந்தது ஆயுத பூசைக்கு முந்தின நாளு. இதைவிட நல்ல நாளு எங்க கெடைக்கும்? பூசையில வெச்சு எடுத்து மாட்டிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அவ, "பெட்டியை மாட்டி முடிச்சு, அதுக்கு மேல ஒரு பொட்டு வெச்சாப் போதுமுங்க"ன்னா. நான் கேக்கலை. பட்டறையில நாங்க அப்படிச் செய்யறதில்லைங்க. லேத்துல இருந்து திருப்புளி வரைக்கும் ஒவ்வொண்ணாத் துடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் சந்தனம் குங்குமம் வெப்போம். மொத்தமா ஒரு பொட்டு வெச்சா மத்ததெல்லாம் கோவிச்சுக்காதா?

வாழையிலை போட்டு, பொரி கடலைக்குப் பக்கத்துல எல்லாத்தையும் பரப்புனேன். மதர்போர்டுன்னு ஒரு பலகை, ஒரு ஊரையே மேல இருந்து பார்க்கற மாதிரி இருக்குது. அதுக்கு நடுவுல பொட்டு. கரண்ட்டு குடுக்கற டப்பா, அதுக்கொரு பொட்டு. ஃபேனுக்கு ஒண்ணு. ரேமுன்னு ஒண்ணு இருக்குதுங்க, சீப்பு மாதிரி. ஞாபகத்தையெல்லாம் அதுலதான் வெச்சுக்குமாம். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். எதுக்குப் பொட்டு வெச்சாலும் முகம் எதுன்னு பார்த்து வெக்கோணுமில்லீங்களா? ஒரு ஓரத்துல மட்டும் வரிசையாத் தங்கப் பல்லு. தங்கம் இருக்கற பக்கந்தானே முகம். அதுல நல்லாக் கொழைச்சுச் சந்தனம் வெச்சு, குங்குமமும் வெச்சேன். பார்க்கறதுக்கு அம்சமா இருந்துச்சு.

சிரிக்கறீங்களா? தீவனக்காரருக்கு அதுல என்ன சிரிப்புன்னு தெரியலை. சரி கேளுங்க.

பூசை முடிஞ்சு மாட்ட உக்காந்தேன். அந்த மெயின் சில்லுக்கு மேல வெக்கறதுக்கு ஒரு பசை குடுத்திருந்தாங்க. பட்டாணி அளவு வெச்சாப் போதும்னு கோகிலா புஸ்தகத்தைப் பார்த்துச் சொன்னா. பேரிங்குக்குக் கிரீஸ் வெச்சுப் பழகுன கைங்க இது, கஞ்சத்தனம் வராது. வழிய வழிய வெச்சேன். அவ பழைய துணியை எடுத்துட்டு வந்து துடைச்சா. பட்டாணி அளவுதான் மிச்சம் விட்டா.

எல்லாத்தையும் மாட்டி, சூடம் காட்டி, சுச்சைப் போட்டேன். ஒண்ணுமே இல்லை. விளக்கு எரியலை, ஃபேன் சுத்தலை. டெஸ்டரை வெச்சுப் பார்க்கறேன், பிளக்குல கரண்ட்டு இருக்குது. ஒயரைக் கழட்டி மாட்டறேன், உரசறேன், ஊதறேன். கோகிலா பெட்டிக்குப் பின்னால கையை விட்டு என்னமோ பண்ணுனா. டக்குன்னு ஃபேன் சுத்துச்சு. அங்க ஒரு குட்டி சுச்சு இருக்குதுங்க, கரண்ட்டு டப்பாவுலயே. அதை நான் வேணும்னேதான் அணைச்சு வெச்சிருந்தேன், பாதுகாப்புக்கு. மறந்துட்டேன்னு சொல்றாங்க. பாதுகாப்பு வேற, மறதி வேற.

ஃபேன் சுத்துது, டிவியில படம் வரலை. பெட்டிக்குப் பின்னால ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை இருக்குது, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஒயரு ரெண்டுலயும் போகுது. நான் மேல சொருகியிருந்தேன். படம் காட்டற கார்டு கீழ இருக்குது, அதனால கீழதான் சொருகோணும்னு அவ மாத்திச் சொருகுனா. ரெண்டு ஓட்டை வெச்சவன் மேல தப்பா, மேல சொருகுனவன் மேல தப்பா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

மாத்திச் சொருகியும் படம் வரலை. இப்ப புதுசா கத்த ஆரம்பிச்சுது. கீ, கீ, கீன்னு. நிறுத்தும், மறுபடி கத்தும். எனக்கு மோட்டாரோட சத்தம் எல்லாம் அத்துப்படி. பேரிங் போனா ஒரு சத்தம், காயில் சூடானா ஒரு சத்தம். இது கோழிக்குஞ்சு தாயைத் தேடற மாதிரி கத்துது. "ரேம் சரியாத் தொடலைன்னா இப்படித்தான் கத்தும்னு போட்டிருக்குதுங்க"ன்னா அவ. ரேமை நான் எப்படி மாட்டுனேன்னு எனக்குத் தெரியாதா? டக்குன்னு சத்தம் கேக்கற வரைக்கும் அமுத்தித்தான் மாட்டுனேன். அப்புறம் எப்படித் தொடாம இருக்கும்?

எனக்கு எர்த்து மேலதான் சந்தேகம். எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல எர்த்தைப் பார்க்கோணுமுங்க, இது தொழில் சுத்தம். ஊட்டுக்குப் பின்னால எர்த்து குழி காஞ்சு கெடந்துச்சு. உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாத் தண்ணி ஊத்துனேன். உள்ள வந்து பார்த்தா மறுபடி கத்துது. சாமானே மோசம்னு முடிவு பண்ணி, ரேமைக் கழட்டி எடுத்துக்கிட்டு ஈரோட்டுக்குப் போயி, கடைக்காரன்கிட்டச் சத்தம் போட்டு வேற வாங்கிட்டு வந்தேன். அவன் பழசைக் கையில வாங்கிப் பார்த்து, "இது என்னங்க மஞ்சளா?"ன்னு கேட்டான். சந்தனம்னேன். ஒரு மாதிரியாப் பார்த்தான். பக்தி இல்லாத ஆளு போல.

புது ரேமு வந்துச்சா, புதுச் சாமானைப் பொட்டு வெக்காம எப்படி உள்ள ஏத்தறது? வெச்சேன். மாட்டுனேன். கீ, கீ, கீ.

அப்ப கோகிலா, "நீங்க போயி எர்த்துக்கு இன்னொரு தரம் தண்ணி ஊத்திட்டு வாங்க"ன்னா. நல்ல யோசனைன்னு போனேன். உப்பு மூட்டை பூராவும் கொட்டிட்டு, கையைக் கழுவிட்டு உள்ள வர்றேன், டிவியில பளிச்சுன்னு வெளிச்சம். படம் வந்துருச்சு. அவ கையில ஒரு ரப்பரு, பள்ளிக்கூடத்துப் புள்ளைக அழிக்கற ரப்பரு. மடியில ரப்பர் தூளு. "சந்தனத்தை ரப்பர் போட்டுத் துடைச்சேன், வந்துருச்சு. அந்தப் பல்லு வழியாத்தான் கரண்ட்டு போகுதுங்க, அதுல எதையும் பூசக்கூடாது"ன்னா.

நான் நேரா மச்சினனுக்குப் போனைப் போட்டு, "எர்த்து கோளாறு மாப்ள, சரி பண்ணிட்டேன்"ன்னு சொன்னேன். அவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா.

அறச்சலூர் வந்துருச்சுங்களா? இங்க டீ நல்லா இருக்கும், நிக்க மாட்டான்.

அப்புறம் வேலை ஓஹோன்னு போச்சுங்க. அவ செய்யற ஆல்பத்துல பனிமலையே கெடையாது. வேப்பமரம், கெணத்துமேடு, அவிய அவிய ஊட்டு வாசலு. ஜனங்க பார்த்துட்டு, இது நம்ம கல்யாணம் மாதிரியே இருக்குதேன்னு ஆச்சரியப்பட்டாங்க. அவிங்க கல்யாணம் அவிங்க கல்யாணம் மாதிரி இருக்கறதுக்கு இத்தனை படிப்பு வேண்டியிருக்குது பாருங்க.

ஆனா ஒண்ணு. பட்டறையில அமாவாசைக்கு அமாவாசை பூசை உண்டு. ஊட்டுல இருக்கற மிஷினை மட்டும் விட்டுட முடியுமா? பெட்டியோட பக்கக் கதவைக் கழட்டி, ரேமை வெளிய எடுத்து, முகத்துல சந்தனம் வெச்சு, திருப்பி மாட்டிருவேன். எடுக்காம மேலோட்டமா வெக்கற பழக்கம் எனக்கில்லீங்க. மறுநாள் பெட்டி கத்தும். நான் எர்த்துக்குத் தண்ணி ஊத்துவேன். மத்தியானத்துக்குள்ள ஓட ஆரம்பிச்சுரும். மாசா மாசம் இதே கதை. அமாவாசைன்னா கரண்ட்டு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்னு கரண்ட் ஆபீஸ்காரன்கிட்டயே சொல்லியிருக்கேன். அவன் மறுத்துப் பேசலை.

அவ சொல்லிப் பார்த்தா. "சாமிக்கு வேணும்னா பெட்டி மேல வைங்க, வாய்க்குள்ள வெக்காதீங்க"ன்னா. அப்புறம் பக்கக் கதவோட திருகாணியை எடுத்து ஒளிச்சு வெச்சா. திருகாணி இல்லாத ஊடா என்ற ஊடு? டப்பா டப்பாவா வெச்சிருக்கேன். கடைசியில சொல்றதை விட்டுட்டு, அமாவாசை மறுநாள்னா காப்பி குடிச்ச கையோட ரப்பரை எடுத்துட்டு உக்காந்துருவா. நான் குடத்தை எடுத்துட்டுப் பின்னால போயிருவேன். ஒரு விதத்துல ஊடு ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சுங்க.

வினை சம்பத்து ரூபத்துல வந்துச்சு. ஒரு நாள் ஆல்பம் வாங்கிட்டுப் போக வந்தவன், "அக்கா ஊட்டுப் பெட்டி மக்கர் பண்ணாம ஓடுதுங்களா"ன்னு என்னைக் கேட்டான். "அமாவாசைக்கு அமாவாசை படுத்துக்கும், நான் எழுப்பி விட்டுருவேன். மாட்டுனவனுக்குத்தானே தெரியும். அவளுக்கென்ன, சுச்சைப் போட்டு உக்கார்ற வேலைதானே"ன்னேன். கோகிலா காப்பியோட வந்து நின்னுட்டிருந்தா. காப்பியை எனக்குத் தராம அவனுக்கு மட்டும் குடுத்துட்டுப் போனா. அப்பவாவது நான் சுதாரிச்சிருக்கோணும்.

சம்பத்து, "எங்க ஸ்டுடியோப் பெட்டி கொஞ்சம் மெதுவாப் போகுதுங்கண்ணா, வந்து ஒரு எட்டு பாருங்க"ன்னான். மாசி மாசம், ஸ்டுடியோவுல கூட்டம். மறுநாள் கல்யாணத்துக்குப் பெரிய பேனரு அடிக்கோணும்னு பொண்ணோட அப்பா வந்து உக்காந்திருக்காரு. பேனரு பூராவும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குது. நான் போயி, புளோயரு வெச்சுத் தூசியை ஊதுனேன். அது சரிதான்னு எல்லாருமே ஒத்துக்கறாங்க. ஊதுனதோட வந்திருக்கலாம். ஆனா அடுத்தவன் மிஷினுங்க. நம்ம மிஷினுக்கு ஒரு கவனிப்பு, அடுத்தவன் மிஷினுக்கு ஒரு கவனிப்புன்னு இருக்கலாமா? பையில சந்தனம் இருந்துச்சு.

ஓடிட்டிருந்த பெட்டி கத்த ஆரம்பிச்சுருச்சு. மெதுவாவாவது போயிட்டிருந்தது, இப்ப அதுவும் போச்சு. பொண்ணோட அப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு. "என்ற பொண்ணு மூஞ்சி அதுக்குள்ள இருக்குதுய்யா"ங்கறாரு. சம்பத்துக்கு வேர்த்து ஊத்துது. நான் எர்த்து குழி எங்க இருக்குதுன்னு கேட்டேன். மாடிக் கட்டடம், குழி எங்க இருக்குதுன்னு அவனுக்கே தெரியலை. அவன் என்னை விட்டுட்டு, கோகிலாவுக்குப் போன் போட்டுட்டான்.

அவ ஸ்கூட்டியில வந்தா. உள்ள நுழைஞ்சதும் பர்ஸுல இருந்து ரப்பரை எடுத்தா. கதவைத் திறந்தா, ரேமை எடுத்தா, துடைச்சா, வெளிச்சத்துல காட்டிப் பார்த்தா, அமுத்தி மாட்டுனா. படம் வந்துருச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சி பேனருல சிரிக்குது. பொண்ணோட அப்பா இவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க.

சம்பத்து கேட்டான், "அப்ப ஊட்டுலயும் நீங்கதான் சரி பண்றதுங்களாக்கா?"

அவ திரும்பி என்னைப் பார்த்தா. கோவமாப் பார்க்கலைங்க, சும்மா பார்த்தா. பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க ரோட்டைப் பார்ப்பாங்களே, அப்படி. கடை பூராவும் என்னையே பார்க்குது. எனக்கு வாயில என்ன வந்துச்சுன்னு நெனக்கறீங்க? "நான் முக்காவாசி முடிச்சு வெச்சிருந்தேன், அவ வந்து மூடி வெச்சா"ன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் ஒரு பையில ரெண்டு சேலை, அவளோட மவுசு, கீபோர்டு எல்லாத்தையும் எடுத்து வெச்சா. "தம்பி ஸ்டுடியோவுல வேலை நெறைய இருக்குதாம், போயிட்டு வர்றேன்"ன்னா. கதவுகிட்டப் போயி நின்னு ஒண்ணு சொன்னா. "நான் செஞ்சதை நான் செஞ்சேன்னு நானே சொல்லிக்க மாட்டேனுங்க. அதை நீங்க சொல்லோணும்." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை, பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

இதுக்குப் போயி ஒருத்தி ஊட்டை விட்டுப் போவாளா, நீங்களே சொல்லுங்க. குடிக்கறனா, அடிக்கறனா? ஒரு ரப்பர் விசயமுங்க.

நத்தக்காடையூர் தாண்டியாச்சா? அப்ப நெருங்கிட்டோம்.

வெய்யக்காலம் வந்துருச்சு, அவ இன்னும் வரலை. பட்டறையில வேலை இருக்குது, எனக்குத்தான் ஓடலை. காயிலுக்குச் சுத்து எண்ணிட்டே இருப்பேன், பாதியில விட்டுப் போகும், மறுபடி முதல்ல இருந்து. ஊட்டுக்குப் போனா அந்த மவுசு சொடுக்கற சத்தம் இல்லை. முன்ன அது எனக்கு எரிச்சலா இருந்துச்சு, தலைகிட்டக் கொசு மாதிரி. இப்ப அது இல்லாமத் தூக்கம் புடிக்க மாட்டேங்குது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அவ இல்லாத ஊடு நல்லாவே இல்லீங்க.

போன் பேசுவோம். பேசாம எல்லாம் இல்லை. சாப்டீங்களாம்பா, சாப்ட்டேன்னுவேன். அப்புறம் தவறாம ஒண்ணு கேப்பா, "பெட்டி ஓடுதுங்களா?"ன்னு. நானும் விட்டுக் குடுக்காம, "அதுக்கென்ன, ஜம்முன்னு ஓடுது"ம்பேன். அவ போனதுல இருந்து நான் அதைத் திறக்கவே இல்லை, பொட்டு வெக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. ஓடுதுன்னு சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிசம் சத்தமே இருக்காது. "சரிங்க"ன்னு வெச்சுருவா. அமாவாசை மறுநாள் மட்டும் ரெண்டு தடவை கேட்டா. "நெசமாவே ஓடுதுங்களா?"ன்னு. "நெசமாத்தான், நான் மாட்டுனதாச்சே"ன்னேன். பெருமையா வேற சொன்னேன்.

நேத்துத்தான் எனக்குப் புத்தியில பட்டுச்சு. போர் மோட்டாரு மேல நின்னுட்டே கோளாறு சொல்றவனுக்கு, ஒரு போன் பேச்சுல இருக்கற கோளாறு புரிய இத்தனை நாளாயிருக்குது.

எழுந்திரிக்கறனுங்க, அந்த வளைவு வந்தா ஸ்டாண்டுதான். நீங்க அந்தக் கோடியைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க.

என்ன கேட்டீங்க? பெட்டிக்கு இப்ப என்ன கோளாறுங்களா? காலையில சுச்சைப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப நல்லா வந்துச்சு. அவ முன்னாடி ஒரு படம் வெச்சிருக்கா, தெறந்ததும் அதுதான் தெரியும். எங்க கல்யாணப் போட்டோ. கறுப்பு வெள்ளையை எடுத்துக் கலரு போட்டிருக்கா. என்ற பின்னால பனிமலை வெக்கலைங்க. என்ற பட்டறையை வெச்சிருக்கா. போர்டுல பேரு கூடப் படிக்கற மாதிரி. இதை எப்ப வெச்சான்னே எனக்குத் தெரியாது, மாட்டுன அன்னிக்கு அப்புறம் நான் சுச்சைப் போட்டுப் பார்த்தவனே இல்லையே. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அணைச்சுட்டுப் போயிச் சந்தனம் கொழைச்சேன்.

அமாவாசை இல்லீங்க, இன்னிக்கு வளர்பிறை. தெரிஞ்சேதான் வெச்சேன். ஓடற பெட்டியைத் தூக்கிட்டு ஒருத்தி வாசல்ல போயி நின்னா, எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாளா மாட்டாளா? ரேமுல ரெண்டு பக்கமும், ஒரு பல்லு விடாம வெச்சிருக்கேன். ஈஸ்வரமூர்த்தி துடைச்சாலும் முழுசாப் போகாது, அவளேதான் உக்காரோணும்.

சந்தனம் வெச்சா ஓடாதுன்னு எனக்கு எப்ப இருந்து தெரியும்னா கேக்கறீங்க? இறங்கற நேரத்துல என்னங்க கேள்வி. தீவனக்காரருன்னு நம்பி உக்காந்தேன் உங்க பக்கத்துல.

வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துருவாளேங்கறீங்க. அதெப்படிங்க கூப்பிடறது? "கோளாறாப் போச்சு, என்னால ஆகலை, நீதான் பார்க்கோணும்"னு சொல்லிக்கலாமில்ல. அதைச் சொல்லிருவேன்னு நெனக்கறேன். வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேதான் வர்றேன், உங்ககிட்டப் பேசிட்டு வந்தது வாய் பழகட்டும்னுதான்.

குடுங்க, போர்வையோட குடுங்க. மெல்ல, மெல்ல. நல்லா ஓடிட்டிருந்த மிஷினுங்க.